ரெண்டு கோமளா, ஒரு சாதா

ஆகஸ்ட் 4

இன்றைக்கும் கோமளா வந்தாள். காலையில் தபாலாபீஸ் அம்மாவின் பட்டுத் துணியோடு வந்தாள். மத்தியானம் கல்லூரிப் பெண்கள் கொண்டுவந்த பாலியெஸ்டரோடு வந்தாள். கடையைச் சாத்தப் போகிற நேரத்தில் ஒரு அம்மாள் ஓடிவந்து பையைக் கவிழ்த்து, "எனக்கு ரெண்டு கோமளா, ஒரு சாதா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் துண்டுச் சீட்டில் 'கோ, கோ, சா' என்று எழுதித் துணியில் குத்திவைத்தேன். என் கையாலேயே எழுத வேண்டியிருக்கிறது, அதுதான் கொடுமை.

வெளியூர்க்காரர் யாராவது இதைப் படித்தால் விழிப்பார்கள். அதனால் சொல்லிவைக்கிறேன். கோமளா என்பது எங்கள் அறந்தாங்கியில் ஜாக்கெட்டின் பின்கழுத்தில் ஒரு தினுசு. பானைக் கழுத்து, போட் கழுத்து, வி கழுத்து என்று இருக்கிறதே, அந்த மாதிரி. இடது தோள் பக்கம் துணி மேலே ஏறி மூடிக்கொண்டிருக்கும். அங்கிருந்து வளைந்து வலது பக்கம் நன்றாக இறங்கும். ஓரத்தில் ஒல்லியாக ஒரு பைப்பிங். அவ்வளவுதான் சங்கதி. அதற்கு முன்னால் அது ஒரு பெண்பிள்ளையின் பெயராக இருந்தது. என் வீட்டுக்காரருடைய முதல் சம்சாரம். விட்டுவிட்டுப் போய் ஐந்தாறு வருஷம் ஆகிறது.

போனவள் பெயரையும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

ஆகஸ்ட் 6

ஆடி மாதம், வேலை மந்தம். ஹெம்மிங் செய்ய வரும் அமலியும் நானும் பழைய நூல்கண்டுகளைப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தோம். வாயைச் சும்மா வைத்திருக்கக் கூடாதா, கேட்டுவிட்டேன். அந்தக் கழுத்துக்கு அவள் பெயர் எப்படி வந்தது?

"அது தானா வந்துச்சுக்கா" என்றாள் அமலி. "அவுக ஒரு கல்யாணத்துக்கு அதப் போட்டுக்கிட்டுப் போனாக. பாத்தவுகல்லாம் 'மாஸ்டர் சம்சாரம் கோமளா போட்டுருந்தாகளே, அது மாதிரி தச்சுக் குடுங்க'ன்னு வந்தாக. அப்பறம் 'கோமளா மாதிரி'ன்னாக. அப்பறம் 'கோமளா கழுத்து'. இப்பக் கழுத்தும் போயிருச்சு, வெறும் கோமளாதான்."

கடைக்காரரிடம் டால்டா என்று கேட்டால் கைக்கு வந்த டப்பாவை எடுத்துக் கொடுக்கிறார் இல்லையா, அதுபோலத்தான் இதுவும். எதிர் வரிசை டெய்லர் போன மாதம் பலகையே எழுதி மாட்டிவிட்டான்: 'இங்கு கோமளா சிறந்த முறையில் தைத்துத் தரப்படும்.' நேற்று ஒரு கல்லூரிப் பெண், "கோமளான்னா என்னக்கா அர்த்தம்? இந்தி வார்த்தையா?" என்று கேட்டாள். ஊருக்கெல்லாம் அது வெறும் துணி. எனக்கு மட்டும் இன்னும் மூக்கும் முழியும் உள்ள ஒருத்தி.

என் வீட்டுக்காரர் மட்டும் அந்தப் பெயரைச் சொல்வதே இல்லை. வாடிக்கைக்காரர்கள் 'கோமளா' என்றால் "சரி, அந்தக் கழுத்து" என்பார். வாயில் அந்தப் பெயர் வந்தால் மனசு கரைந்துவிடும்போல. அவ்வளவு உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார். எனக்கு வயிறு எரிகிறது, வேறு எப்படிச் சொல்ல.

நான் இவர் பெயரைச் சொல்வதில்லை, அது வேறு. எங்கள் அம்மா சொன்னதில்லை, அண்ணியும் சொன்னதில்லை. ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால் கார்டை நீட்டிவிடுவேன். இந்த நோட்டில்கூட எழுத வரவில்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். எனக்கு இவர்.

ஆகஸ்ட் 8

கட்டிங் மேஜைக்கு மெழுகு தேய்த்தேன். தேக்கு. இவருக்கு அதன்மேல் உயிர். ஓரமெல்லாம் உருட்டி இழைத்தது, நைலக்ஸை விரித்து இழுத்தாலும் ஒரு இழை மாட்டாது. தேய்த்தபின் முகம் பார்க்கலாம்போல் இருந்தது. இவர் வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆகஸ்ட் 9

இடது முழங்கைக்கு மேலே கன்றிப்போயிருக்கிறது. கட்டிங் மேஜை முனையில் இடித்துக்கொண்டேன். நல்லெண்ணெய் தடவினேன். உளுந்து தீர்ந்துவிட்டது, வாங்கவேண்டும்.

ஆகஸ்ட் 21

ஆவணி முகூர்த்தம். தபாலாபீஸ் அம்மாவின் மகனுக்குக் கல்யாணம். இவருக்கு வேலை, என்னை மட்டும் போகச் சொன்னார்.

தாலி கட்டுகிற நேரத்தில் எல்லோரும் எழுந்து மணவறைப் பக்கம் திரும்பினார்கள். நான் கடைசி வரிசை. எனக்கு முன்னால் மண்டபம் முழுக்க முதுகு. முதுகு முழுக்க கோமளா. சிவப்பில், பச்சையில், சரிகை வைத்து, முத்து வைத்து. குண்டு முதுகு, ஒல்லி முதுகு, எல்லாவற்றிலும் அவளே. அட்சதையை யார்மேல் போட்டேனோ தெரியாது.

நான் சாதாதான் போட்டிருந்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெரியம்மா என் முதுகைத் தடவிப் பார்த்து, "மாஸ்டர் பொண்டாட்டி, நீ ஒரு கோமளா போட்டுக்கப்புடாதா ஆத்தா? அவுக கைவேலைக்கு நீயே வெளம்பரம்ல" என்றாள். பாயசத்தை அப்படியே தள்ளி வைத்தேன்.

செத்தாலும் அதைப் போடமாட்டேன். எனக்கென்று ஒன்று வேண்டும். என் பெயரில் ஒன்று. இந்த ஊர்ப் பெண்கள் 'ரெண்டு தமயந்தி, ஒரு சாதா' என்று துணியைப் போட்டுவிட்டுப் போகவேண்டும். இதைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று யாரும் சொன்னால் சொல்லட்டும்.

ஆகஸ்ட் 22

இவர் சாப்பிட்டுக் கை கழுவும்போது நைசாகக் கேட்டேன். "எனக்குன்னு புதுசா ஒரு கழுத்து வெட்டித் தச்சுக் குடுங்களேன். அவளுக்குத் தச்ச மாதிரி."

துண்டில் கை துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அது ஒனக்கு இப்பத் தேவையில்ல" என்றார்.

அவளுக்குத் தேவைப்பட்டது, எனக்குத் தேவையில்லை. அவள் மகாராணி. நான் கொக்கி கட்டவும் உலை வைக்கவும் வந்தவள். கல்யாணமாகி வந்து இரண்டு வருஷத்தில் இவர் கையால் எனக்கு ஒரு ஜாக்கெட் தைத்ததில்லை. என்னுடையதை நானே தைத்துக்கொள்கிறேன். ஊரில் உள்ள முதுகுக்கெல்லாம் அளவு தெரியும் இவருக்கு. டேப்பைத் தொடாமல், ஆளை ஒருமுறை பார்த்தே வெட்டிவிடுவார். என் முதுகை ஒருநாளும் பார்த்ததாகத் தெரியவில்லை.

அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பிறகு ரசம் வைத்தேன்.

செப்டம்பர் 1

நானே வெட்டிவிட்டேன். பழைய நியூஸ் பேப்பரில் மூன்று விதமாக வெட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு பக்கமும் சின்னதாகப் படி வைத்து, நடுவில் ஒரு முடிச்சு. ஃபிலோமினா டீச்சர், "ஒன் இஷ்டத்துக்குத் தைம்மா" என்று கொடுத்திருந்த துணியில் தைத்தேன். இவர் மதுரைக்குத் துணி எடுக்கப் போயிருந்த சமயம்.

டீச்சர் போட்டுப் பார்த்துவிட்டு, நல்லாயிருக்கே, இதுக்கு என்ன பேரு என்றார். "தமயந்தின்னு வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். அன்றைக்கு எனக்குப் பசிக்கவே இல்லை.

செப்டம்பர் 3

ஃபிலோமினா டீச்சருடைய பள்ளிக்கூடத்திலிருந்து இன்னொரு டீச்சர் வந்தார். நேராக இவரிடம் போய், "பிலோமினா மிஸ் போட்டுட்டு வந்தாங்களே, அந்தப் புது கோமளா, அதுல எனக்கு ஒண்ணு" என்றார்.

புது கோமளா. என் படி, என் முடிச்சு, என் நியூஸ் பேப்பர். பெயர் மட்டும் அவளுக்கு. இவள் என்ன கழுத்தா, கொடுக்காப்புளி மரமா, வெட்ட வெட்டத் துளிர்க்க?

டீச்சர் போனபிறகு இவர் என்னைக் கூப்பிட்டார். "யாரக் கேட்டு வெட்டுன?" என்றார். சத்தமே போடவில்லை. பேப்பரை வாங்கி நாலாகக் கிழித்தார். "மாஸ்டருக்கு மேல மாஸ்டரா?"

செப்டம்பர் 5

பல்வலி. கன்னம் வீங்கிவிட்டது. பல்வலி என்றுதான் அமலியிடம் சொன்னேன். இங்கேயும் அப்படியே எழுதிவைக்கிறேன்.

கிராம்புத் தைலம் வைத்தேன். தொழில்காரன் கோபக்காரன்தான். கைவேலை தெரிந்தவர்களுக்கு எல்லாம் சரியாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பொறுக்காது. நான் சொல்லாமல் செய்தது தப்பு. ஆனால் அவளிடம் இப்படிக் கோபப்பட்டிருக்க மாட்டார். அவள் தலைகீழாக வெட்டியிருந்தாலும் சிரித்துக்கொண்டு போயிருப்பார்.

செப்டம்பர் 10

மறுபடியும் மேஜை முனை. இந்தத் தடவை மணிக்கட்டு. நான் நடக்கிற லட்சணம் அப்படி.

செப்டம்பர் 14

காரைக்குடிக்குக் கொக்கியும் பைப்பிங் கயிறும் வாங்கப் போனேன். அதற்காகத்தான் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவள் இருக்கிறாள் என்று அமலி எப்போதோ சொல்லியிருந்தாள். வழியில்தானே என்று எட்டிப் பார்த்தேன்.

கறுப்புதான். பல் கொஞ்சம் தூக்கல். எனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. பிறகு யாரிடமோ பேசிச் சிரித்தாள், அந்த அப்பாடா போய்விட்டது. காகிதம் எடுக்கத் திரும்பினாள். சாதாக் கழுத்து, நன்றாக இறக்கி வெட்டியது. இடது தோளுக்குக் கீழே தோல் முக்கோணமாய்ப் பளபளவென்று இருந்தது. பிறவியிலேயே உள்ள மச்சமாக இருக்கும். முந்தானையால் மூடிக்கொள்ளக்கூட இல்லை, என்ன பெண்பிள்ளையோ.

ஒளிந்து நிற்கவும் தெரியவில்லை எனக்கு. "என்னா ஜெராக்ஸ் வேணும்?" என்று கேட்டுவிட்டாள். ரேஷன் கார்டை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். வீட்டுக்காரர் பெயரைப் படித்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். உள்ளே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"வாங்க, ஒக்காருங்க. எப்பிடி இருக்காரு?" என்று கேட்டாள். பெயரைச் சொல்லியே கேட்டாள், ஏதோ கூடப் படித்தவனைக் கேட்பதுபோல; நான்தான் அதை இங்கே எழுதவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நல்லா இருக்காக, கடை நல்லாப் போகுது, ஒங்க கழுத்துதான் ஓடுது என்றேன். அவளுக்குப் புரியவில்லை. சொன்னேன். பலகை எழுதி மாட்டியிருப்பதையும் சொன்னேன். அந்தக் கல்லூரிப் பெண் இந்தி வார்த்தையா என்று கேட்டதையும் சொன்னேன்.

முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"எம் பேரச் சொல்லியா கேக்குறாக? ஊருல எல்லாரும் போட்டுருக்காகளா அத?"

"எல்லாரும்தான். நான் போடுறதில்ல."

"அது ஒரே ஒரு நாளைக்குன்னு தச்சது. ஒரு கல்யாணத்துக்குப் போயே ஆகணும், அவுக தங்கச்சி நாத்தனா கல்யாணம். எப்பிடிப் போறதுன்னு நின்னேன். விடியறதுக்குள்ள தச்சுக் கையில குடுத்தாரு." அதற்குமேல் சொல்லவில்லை. மிஷினில் ஒரு தாளை வைத்தாள், வெளிச்சம் ஓடி வந்து போனது.

விடிவதற்குள் தைத்தாராம். அப்படி ஒரு பிரியம். அதை என் காதிலேயே போட்டாள் பாருங்கள்.

ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுக்கும்போது என் கையைப் பிடித்துவிட்டாள். "மணிக்கட்டுல என்னா?"

"கட்டிங் மேஜை முனையில இடிச்சுக்கிட்டேன்."

"அந்த மேஜைக்கு முனை ஏது?" என்றாள். "துணி மாட்டப்புடாதுன்னு நாலு மூலையும் உருட்டி இழைச்சுப் போட்டது. ஆசாரி எங்க வீட்டு வாசல்லதான் இழைச்சாரு, நாந்தான் டீ போட்டுக் குடுத்தேன்." கையை விடவில்லை. "நானும் முனையின்னுதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். யாரும் வந்து அந்த மேஜையைத் தடவிப் பாக்கல."

நான் கையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஜெராக்ஸுக்குக் காசுகூடக் கொடுக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். இது பொறாமை, வேறில்லை. தான் வாழாத இடத்தில் இன்னொருத்தி வாழ்கிறாளே என்று அவளுக்குக் கொதிக்கிறது. குடும்பத்தைக் கலைக்கப் பார்க்கிறாள். பார்த்தாலே தெரிகிறது.

செப்டம்பர் 15

மேஜையின் நாலு மூலையையும் தடவிப் பார்த்தேன். மாவு அரைக்க நேரமாகிவிட்டது.

அக்டோபர் 5

தீபாவளி நெருக்கடி. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. வீட்டுக்குள் மூட்டை மூட்டையாகத் துணி. அமலி பிள்ளைகளையும் கூட்டிவந்து இங்கேயே சோறாக்கிப் போடுகிறாள். யாரைக் கேட்டாலும் கோமளா, கோமளா, கோமளா. இவருக்கு வெட்டி முடியாததால் அட்டை வைத்து என்னையும் வெட்டச் சொல்லிவிட்டார்.

கோமளாவுக்கு ஒரு அட்டை உண்டு. ஆணியில் தொங்கும். அதைத் துணிமேல் வைத்துக் கோடு போட்டு வெட்டினால் போதும். ஒரு பக்கத்தில் 'மேல்' என்று எழுதியிருக்கும். அந்தப் பக்கம் மேலே இருக்கவேண்டும், கவிழ்த்துப் போட்டால் இடது வலதாகிவிடும். எனக்கு அந்த அட்டையைத் தொட்டாலே அவள் தோளைத் தொடுவது மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 11

இன்ஸ்பெக்டர் வீட்டம்மாவின் துணி. பட்டு, புட்டா போட்டது. அட்டையைக் கவிழ்த்து வைத்து வெட்டினேன்.

தூக்கக் கலக்கத்தில் தெரியாமல் செய்துவிட்டேன் என்று இவரிடம் சொன்னேன். தெரிந்துதான் செய்தேன். ஒரு முதுகிலாவது அவள் மாறிப் போகட்டும் என்று தோன்றிவிட்டது. புட்டா போட்ட துணி, திருப்பிப் போடவும் வழியில்லை.

இவர் அப்போது இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 14

மறுநாளிலிருந்து வலது கையைத் தூக்க முடியவில்லை, அதனால் எழுதவில்லை. இஸ்திரிப் பெட்டி பட்டுவிட்டது. நான்தான் குறுக்கே போனேன்.

இவரே மருந்துக்கடைக்குப் போய்க் களிம்பு வாங்கிவந்து தடவிவிட்டார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். இந்த மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டதே இல்லை. வீட்டுக்குள்ளேயே இருந்து இடது கையால் முடிந்த வேலையைப் பார், கடைப்பக்கம் வராதே என்றார். அமலி எட்டிப் பார்த்தாள், காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அக்டோபர் 18

படுத்தால் குப்புறத்தான் படுக்கமுடிகிறது. ஜாக்கெட் போட்டால் ஒட்டிக்கொள்கிறது.

அக்டோபர் 20

இதை நிதானமாக எழுதவேண்டும்.

மத்தியானம் இவர் உள்ளே வந்தார். கையில் ஒரு ஜாக்கெட். மயில்கழுத்துப் பச்சை, நல்ல துணி, பைப்பிங் எல்லாம் வைத்து, கொக்கிகூட அவரே கட்டியிருந்தார். என் மடியில் போட்டார்.

"ஒனக்குன்னு நானே ஒக்காந்து தச்சது" என்றார். "கேட்டுக்கிட்டே இருந்தேல்ல? தீபாவளிக்குப் போட்டுக்க. நாலு பேரு பாத்துட்டு வந்து கேப்பாக. இதுக்கு ஒம் பேரையே வச்சுருவோம். தமயந்தின்னே வச்சுருவோம்."

முதலில் சந்தோஷம்தான் வந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது, எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. இந்த ஊர் முழுக்க என் பெயரைச் சொல்லித் துணி கொடுக்கப்போகிறது. அவள் போனாள், நான் வந்தேன். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. இவர் என் தலையைத் தொட்டுவிட்டுக் கடைக்குப் போனார்.

பிறகு போட்டுப் பார்த்தேன். சுவர்க் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கையில் சின்னக் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன்.

கோமளாவேதான். கவிழ்த்துப் போட்ட கோமளா. இடது பக்கம் இறங்கி, வலது பக்கம் மேலே ஏறியிருந்தது. ஏறின துணி என் புண்ணுக்கு மேலே ஒரு விரற்கடை தாண்டிச் சரியாக நின்றது. ஒரு நூல் கூடவும் இல்லை, ஒரு நூல் குறையவும் இல்லை. டேப்பைத் தொடாமல் வெட்டியிருந்தார். என் முதுகை இவர் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தேனே. பார்த்திருக்கிறார்.

'அது ஒனக்கு இப்பத் தேவையில்ல' என்றாரே அன்றைக்கு.

நான் கண்ணாடியைக் கீழே வைத்தேன். வெகுநேரம் அந்தப் பச்சைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாண மண்டபத்தில் பார்த்த முதுகுகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. சிவப்பு, பச்சை, சரிகை, முத்து. அத்தனை பேரும் எதைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இத்தனை நாள் வயிறெரிந்தேன்.

தீபாவளி

இதைப் பேராவூரணியில் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தீபாவளி காலையில் தையல் கடையில் கூட்டம் நெரியும். கடைசி நேரத்து ஜாக்கெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்குப் போவார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். புண்ணில் படாமல் குளிக்க நேரமாயிற்று. மயில்கழுத்துப் பச்சையை மடித்துக் கொடியில் போட்டேன். பெட்டியின் அடியிலிருந்து, கல்யாணத்துக்கு முன்னால் நானே தைத்த சாதா ஜாக்கெட்டை எடுத்துப் போட்டேன். பின்கழுத்து நன்றாக இறங்கியது. தலைமுடியைத் தூக்கிக் கொண்டை போட்டேன். முந்தானையை இழுத்துச் செருகினேன்.

முடித்த ஜாக்கெட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு கடைக்குள் போனேன். மேஜைமேல் வைக்கக் குனிந்தேன். பேச்சுச் சத்தம் என் முதுகுப் பக்கமிருந்து ஒவ்வொன்றாக அடங்கியது.

"உள்ள போ" என்றார் இவர், பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே. "இஸ்திரிப் பொட்டியில சாஞ்சுட்டா. எங்க கவனம் இருக்கோ."

தபாலாபீஸ் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். "தமயந்தி, என்னா ஆத்தா இது?"

நான் ஆணியில் தொங்கிய அட்டையை எடுத்தேன். தபாலாபீஸ் அம்மாவின் இடது தோளில் வைத்தேன். அவர் போட்டிருந்த கோமளாவின்மேல் அச்சாக உட்கார்ந்தது. "இந்த எடத்துலதான் கோமளாவுக்கு. மறைக்கத்தான் இப்பிடி ஏத்தி வெட்டுனாக." பிறகு அட்டையைக் கவிழ்த்து, கையைப் பின்னால் வளைத்து என் வலது தோளில் வைத்தேன். கை வலித்தது. "இந்த எடத்துல எனக்கு."

பின்னால் நின்ற ஒரு பெண் முந்தானையை எடுத்துத் தன் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவளும் போர்த்திக்கொண்டாள்.

"இதுக்கு என்னா பேருன்னு கேட்டீகள்ல?" என்றேன். தபாலாபீஸ் அம்மா கேட்டது அதுவல்ல, இருந்தாலும் சொன்னேன். "கோமளா இல்ல. தமயந்தியும் இல்ல. இதுக்குப் பேரு துரைக்கண்ணு."

இவர் பெயரை முதல் தடவை சொல்கிறேன். வாயில் வித்தியாசமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றும் ஆகவில்லை, நாக்கு அறுந்து விழவில்லை. அதனால் மறுபடியும் சொன்னேன். "கன்னத்துல பல்வலின்னு சொன்னேனே அமலி, அதுவும் துரைக்கண்ணுதான். கையில மேஜை முனைன்னு சொன்னதும் துரைக்கண்ணு. இந்த மேஜைக்கு முனை கெடையாது, வேணும்னா தடவிப் பாருங்க."

தபாலாபீஸ் அம்மா கையை நீட்டி மேஜையின் மூலையை மெதுவாகத் தடவினார். துரைக்கண்ணு மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். கத்திரி கையில்தான் இருந்தது, ஆனால் எதிரே இத்தனை பெண்கள் நின்றார்கள்.

அமலி என் துணிப்பையை எடுத்துவந்தாள். பஸ் ஏறும்வரை கூடவே நின்றாள்.

நவம்பர் 16

அண்ணன் வீட்டுப் பின்கட்டில் மிஷின் போட்டிருக்கிறேன். சாதா மட்டும் தைக்கிறேன். கை மேலே தூக்க வருகிறது.

போன வாரம் காரைக்குடிக்குப் போய் ஜெராக்ஸ் காசைக் கொடுத்தேன். கோமளா வாங்க மாட்டேன் என்றாள், பிறகு வாங்கிக்கொண்டாள். நடந்ததைச் சொன்னேன். அறந்தாங்கியில் இப்போது யாரும் அதைக் கேட்பதில்லை, எதிர் வரிசைக்காரன்கூடப் பலகையைக் கழற்றிவிட்டான் என்று சொன்னேன். காசைப் பெட்டியில் போட்டுவிட்டு, "அப்ப எம் பேரு எங்கிட்டயே வந்துருச்சு" என்றாள். அவள் சிரித்தால் அழகாகத்தான் இருக்கிறாள். இப்போதும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

இன்றைக்கு அமலி வந்திருந்தாள். முறுக்கு கொண்டுவந்தாள். அவளுக்கும் வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது. ஊர்ச் சங்கதியெல்லாம் சொன்னாள். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இதையும் சொன்னாள்.

தபாலாபீஸ் அம்மா வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பெண், போன வருஷம் கட்டிக்கொடுத்தது. கார்த்திகை பிறக்கப் போகிறதென்று அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். கழுத்துவரை இழுத்து மூடிய சேலை, கன்னத்தில் பவுடர். அம்மாக்காரி சோறு போட்டுக்கொண்டே பார்த்திருக்கிறாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறாள்.

"என்னாடி, துரைக்கண்ணா?"

அந்தப் பெண் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாளாம். பிறகு, "ஆமாம்மா, துரைக்கண்ணுதான்" என்று சொல்லி அழுதிருக்கிறாள். திரும்ப அனுப்பவில்லை, அங்கேயே வைத்துக்கொண்டார்களாம்.

"அவ புருசன் பேரு என்னா?" என்று கேட்டேன்.

அமலி யோசித்துப் பார்த்தாள். "என்னமோ ராஜ்குமாரோ, சுரேஷ்குமாரோ" என்றாள்.